வயர் மீட்டரா, வயர்லெஸ் மீட்டரா? சைக்கிள் கேள்வி பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை சைக்கிள் மீட்டர் பற்றியே இருந்தன. அதனால் கியர், சீட், முட்டி வலிக் கேள்விகளை எல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளி வைத்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: புதிதாக ஹைப்ரிட் சைக்கிள் வாங்கியிருக்கிறேன், 700×35 டயர். வார நாட்களில் ஆபீசுக்கு, ஞாயிறு காலையில் ஈ.சி.ஆரில் மாமல்லபுரம் வரை போய் வருகிறேன். வேகமும் தூரமும் தெரிந்தால் போதும். கடைக்காரர், "வயர் எல்லாம் பழசு சார், வயர்லெஸ் போட்டுக்கோங்க" என்கிறார். விலை இரண்டு மடங்கு. எதை வாங்கலாம்?
— வாசகர், கேளம்பாக்கம்

பதில்: வயர் உள்ளதையே வாங்குங்கள். வேகமும் தூரமும் போதும் என்று நீங்களே எழுதிவிட்டீர்கள், அப்புறம் எதற்கு இரண்டு மடங்கு கொடுக்க வேண்டும்?

இரண்டு வகை மீட்டரும் அளக்கும் விதம் ஒன்றுதான். முன் சக்கரத்தின் ஸ்போக் கம்பியில் சின்னதாக ஒரு காந்தம், அந்தச் சக்கரத்தை இரு பக்கமும் பிடித்திருக்கும் ஃபோர்க்கில் ஒரு சென்சார். அந்தச் சென்சாருக்குள் ஒரு குட்டிக் கண்ணாடிக் குழாய், அதற்குள் ஒன்றை ஒன்று தொடாமல் இரண்டு மெல்லிய உலோகத் தகடுகள். காந்தம் கிட்டே வந்தால் தகடுகள் ஒட்டும், விலகிப் போனால் பிரியும். ரீட் ஸ்விட்ச் என்பது இதுதான். சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் ஒரு ஒட்டல். நீங்கள் மணிக்கு 25 கிலோமீட்டரில் போகும்போது நொடிக்கு மூன்று தடவைக்கு மேல் இது நடந்துகொண்டே இருக்கும். மீட்டர் அதை எண்ணி, நீங்கள் போட்டு வைத்த டயர் சுற்றளவால் பெருக்கிக் காட்டுகிறது. ஃபோர்க்கிலிருந்து ஹேண்டில்பாருக்கு அந்தச் செய்தி கம்பி வழியாகப் போகிறதா, காற்று வழியாகப் போகிறதா என்பது மட்டும்தான் வித்தியாசம். ஆகவே, வயர்லெஸ் என்றால் இன்னும் துல்லியம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

வயர் மீட்டரில் சென்சாருக்கு பேட்டரியே கிடையாது. மீட்டருக்குள் மட்டும் ஒரு பட்டன் செல், பெரும்பாலும் சிஆர்2032, தெருமுனை வாட்ச் கடையில்கூடக் கிடைக்கும், ஒரு வருடத்துக்கு மேல் தாராளமாக ஓடும். வயர்லெஸ்ஸில் சென்சாருக்குத் தனியாக ஒரு செல் வேண்டும். அது தீர்ந்தாலும் திரையில் பூஜ்யம்தான், எந்த செல் போனது என்று புரியாமல் கடைசியில் இரண்டையும் மாற்றுவோம். போதாக்குறைக்கு, காரின் பின்னால் சைக்கிளைக் கட்டி ஊருக்குப் போகும்போது காற்றில் முன் சக்கரம் சும்மா சுற்றினால், பல மாடல்களில் சென்சார் பாவம் அதையும் மெனக்கெட்டு அனுப்பி செல்லைத் தீர்த்துக்கொண்டிருக்கும்.

வயர்லெஸ்ஸிலேயே இரண்டு ரகம் இருக்கிறது, கடையில் இதை யாரும் சொல்வதில்லை. விலை குறைந்த ரகம் அனலாக். சக்கரம் சுற்றியதும் 'ஒன்று' என்று வெறுமனே ஒரு துடிப்பை அனுப்பும், யார் அனுப்பியது என்று அதில் இருக்காது. எட்டும் தூரமும் சுமார் 60, 70 சென்டிமீட்டர்தான். இன்னொரு ரகம் டிஜிட்டல்: ஒவ்வொரு சென்சாருக்கும் தனி அடையாள எண், உங்கள் மீட்டர் உங்கள் சென்சார் சொல்வதை மட்டும்தான் கேட்கும். புளூடூத், ஆன்ட் பிளஸ் இரண்டும் இந்த ரகம். பெட்டியில் இந்தப் பெயர்களோ 'கோடட்' என்ற வார்த்தையோ இல்லை என்றால் அது அனலாக் என்றே வைத்துக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால் முதலில் நல்ல வயர் மீட்டர், அதற்கு அடுத்து டிஜிட்டல் வயர்லெஸ், மலிவான அனலாக் வயர்லெஸ் கடைசி. உங்கள் கடைக்காரர் இரண்டு மடங்கு விலைக்குத் தர நினைப்பது அந்தக் கடைசி ரகமாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு, கேட்டுப் பாருங்கள்.

வயர்லெஸ் தேவைப்படும் ஆட்களும் இருக்கிறார்கள். மடக்கு சைக்கிள் வைத்திருப்பவர்கள், அடிக்கடி சைக்கிளைப் பிரித்துப் பையில் போட்டு ரயிலில் கொண்டுபோகிறவர்கள், முன்னால் நல்ல சஸ்பென்ஷன் ஃபோர்க் வைத்து முள்ளும் புதருமான காட்டுப் பாதையில் ஓட்டுபவர்கள். இவர்களுக்கு வயர் ஒரு தொல்லைதான். உங்களுக்கு அப்படி எதுவும் இல்லை.

மாட்டும்போது மட்டும் பக்கத்தில் நில்லுங்கள். வயரை முன் பிரேக் கேபிளைச் சுற்றிச் சுற்றியே கீழே இறக்க வேண்டும், பார்க்க அது தனியாகத் தெரியவே கூடாது. ஃபோர்க்கில் சென்சாருக்கு மேலே ஒன்று, நடுவில் ஒன்று என்று கேபிள் டை போடலாம். இறுக்கி எல்லாம் கட்டி முடித்த பிறகு ஹேண்டில்பாரை இடது கோடிக்கும் வலது கோடிக்கும் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். எந்தப் பக்கம் திருப்பினாலும் வயர் விறைத்து நிற்கக் கூடாது. அழகாக இருக்கட்டும் என்று இழுத்துக் கட்டிவிடுகிறார்கள், சில மாதத்தில் உள்ளே இழை அறுந்துபோகிறது, பழி வயர் மீட்டர் மேல் விழுகிறது. காந்தத்துக்கும் சென்சாருக்கும் நடுவே 5 மில்லிமீட்டருக்குள் இடைவெளி இருந்தால் சரி, சென்சார் மேல் ஒரு கோடு போட்டிருப்பார்கள், காந்தம் அதற்கு நேராகக் கடக்க வேண்டும்.

கேள்வி: அண்ணா, ஆன்லைனில் மலிவாக ஒரு வயர்லெஸ் மீட்டர் வாங்கினேன். பகலில் ஒழுங்காக ஓடுகிறது. இரவில் லைட் போட்டால் சிக்னலில் நிற்கும்போதுகூட 60, 70 என்று காட்டுகிறது. மீட்டர் பழுதா?
— கல்லூரி மாணவர், மதுரை

பதில்: பழுது இல்லை தம்பி, மேலே சொன்ன அனலாக் ரகத்தின் குணமே அதுதான். எல்.இ.டி. லைட்டுக்குள் மின்சாரத்தை வேகமாக வெட்டி வெட்டி அனுப்பும் ஒரு சின்ன சர்க்யூட் இருக்கிறது. அது கிளப்பும் இரைச்சலை மீட்டர் உங்கள் சக்கரம் அனுப்பும் துடிப்பு என்று எண்ணிக்கொள்கிறது. லைட்டை ஹேண்டில்பாரின் மறுகோடிக்குத் தள்ளிப் பாருங்கள், மீட்டருக்கும் லைட்டுக்கும் குறைந்தது ஒரு சாண் இடைவெளி இருக்கட்டும். சென்சாரை ஃபோர்க்கில் எவ்வளவு மேலே ஏற்ற முடியுமோ ஏற்றுங்கள், காந்தத்தையும் அதற்கேற்ப ரிம் பக்கம் நகர்த்துங்கள், சென்சார் கிட்டே இருந்தால் அதன் குரல் சத்தமாகக் கேட்கும். லைட்டை ஸ்டெம்முக்கு, அதாவது ஹேண்டில்பாரைத் தாங்கும் குட்டைக் குழாய்க்குக் கீழே தொங்கவிட்டும் பார்க்கலாம். இதெல்லாம் செய்தும் போகவில்லை என்றால் லைட்டை மாற்றிப் பாருங்கள், எல்லா லைட்டும் ஒரே மாதிரி இரைவதில்லை.

நண்பர்களோடு கைப்பிடி உரசுகிற மாதிரி போகும்போது வேகம் தாறுமாறாக ஏறினாலும் இதே கதைதான். பக்கத்துச் சைக்கிளிலும் அதே ரக மீட்டர் இருந்தால் அவர் சக்கரத்தையும் சேர்த்து உங்கள் மீட்டர் எண்ணும். உங்கள் வாழ்நாள் அதிகபட்ச வேகம் இந்த மாதிரி ஒரு சிக்னலில் பதிவாகியிருக்கும், நண்பர்களிடம் காட்டி மகிழுங்கள்.

கேள்வி: காந்தத்தை ஹப் பக்கம் வைத்தால் வேகம் குறைவாகவும், ரிம் பக்கம் வைத்தால் அதிகமாகவும் காட்டுமா?
— வாசகர், விருதுநகர்

பதில்: காட்டாது. எங்கே வைத்தாலும் ஒரு சுற்றுக்கு ஒரு தடவைதான் அது சென்சாரைக் கடக்கும்.

கேள்வி: நானும் தோழியும் ஒன்றாகத்தான் ஓட்டுகிறோம். அவளுடைய மீட்டர் 60 கிலோமீட்டர் என்றால் என்னுடையது 58.4 காட்டுகிறது. அவளுடையது வயர்லெஸ், என்னுடையது வயர். அதனால்தான் இந்த வித்தியாசமா? என் டயரில் 700×32சி என்று இருக்கிறது.
— வாசகி, கோயம்புத்தூர்

பதில்: வயருக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. உங்கள் மீட்டரில் சுற்றளவு என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள், 2096 என்று இருக்கும் என்பது என் ஊகம். பல மீட்டர்களில் ரோடு பைக்குக்கு ஆரம்பத்திலேயே போட்டு வரும் எண் அது, 700×23 டயருக்கானது. உங்கள் 32 டயருக்கு அட்டவணைப்படி 2155 மில்லிமீட்டர் வர வேண்டும். ஒவ்வொரு சுற்றுக்கும் 59 மில்லிமீட்டர் கணக்கில் விட்டுப் போகிறது. 60 கிலோமீட்டருக்கு அதைக் கணக்குப் போட்டால் சரியாக 58.4 வருகிறது பாருங்கள். பாவம், இத்தனை நாள் ஓட்டிய தூரத்தில் நூற்றுக்குக் கிட்டத்தட்ட மூன்று கிலோமீட்டர் உங்கள் கணக்கில் சேராமலே போயிருக்கிறது.

அட்டவணை எண்ணைப் போட்டாலே போதும், ஆனால் ஒரே அளவு அச்சடித்த டயர்கள்கூடக் கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும், அதனால் அளந்து போடுவதே உத்தமம். டயரில் வழக்கமாக எவ்வளவு காற்று வைப்பீர்களோ அவ்வளவு அடித்துக்கொள்ளுங்கள். முன் சக்கரத்து வால்வு தரைக்கு நேராக வரும்படி நிறுத்தி அந்த இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு. அப்புறம் நீங்கள் சீட்டில் உட்கார்ந்துகொள்ள, தோழி பிடித்துக்கொள்ள, நேர்கோட்டில் மெதுவாக உருட்டுங்கள். வால்வு மூன்றாவது முறை கீழே வந்ததும் இன்னொரு கோடு. இரண்டு கோட்டுக்கும் நடுவே டேப் வைத்து அளந்து மூன்றால் வகுத்தால் உங்கள் எண். உட்காராமல் அளந்தால் டயர் அமுங்காது, எண் சில மில்லிமீட்டர் கூடுதலாக வரும். டயர் மாற்றும்போது மறுபடி அளக்க வேண்டும், இதை யாரும் செய்வதில்லை.

கேள்வி: மழையில் நனைந்து வந்த நாளிலிருந்து வயர் மீட்டர் பூஜ்யத்திலேயே நிற்கிறது. மணி மட்டும் ஓடுகிறது. தூக்கிப் போட்டுவிடவா?
— வாசகர், திருச்சி

பதில்: போடாதீர்கள். வயர் மீட்டரில் எனக்கு மிகவும் பிடித்த விஷயமே இதுதான், எங்கே கோளாறு என்று வீட்டிலேயே கண்டுபிடித்துவிடலாம்.

முதலில் காந்தத்தைப் பாருங்கள். மழைக்குப் பிறகு சைக்கிளைக் கழுவித் துடைத்திருப்பீர்கள், துணி பட்டு காந்தம் ஸ்போக்கைச் சுற்றித் திரும்பி நின்றிருக்கும். பாதிப் பேருக்குக் கோளாறு இதோடு தீர்ந்துவிடும். அது சரியாக இருந்தால் மீட்டரை ஹேண்டில்பாரில் இருக்கும் அதன் ஸ்டாண்டிலிருந்து கழற்றிக் கவிழ்த்துப் பாருங்கள், பின்னால் இரண்டு உலோகப் புள்ளிகள் இருக்கும். ஒரு ரூபாய் நாணயத்தாலோ ஸ்க்ரூடிரைவர் முனையாலோ இரண்டையும் ஒருசேரத் தொட்டுத் தொட்டு எடுங்கள். ரீட் ஸ்விட்ச் செய்கிற வேலையை இப்போது உங்கள் கை செய்கிறது. திரையில் ஏதாவது வேகம் வந்தால் மீட்டர் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம், எதுவும் வரவில்லை என்றால்தான் அதைச் சந்தேகிக்க வேண்டும்.

மீட்டர் நல்லது என்றால் அடுத்து ஸ்டாண்டில் இருக்கும் இரண்டு முனைகள். மழைத் தண்ணீரும் வியர்வையும் சேர்ந்து பச்சையாகவோ கறுப்பாகவோ பூத்திருக்கும். பென்சில் ரப்பரால் பளபளப்பு வரும்வரை தேய்த்து, உலரவிட்டு, வாசலினை ஈக்கால் அளவு தடவிவிடுங்கள். கடலோர ஊர்க்காரர்கள் மழை பெய்யாவிட்டாலும் இதை அவ்வப்போது செய்வது நல்லது.

அதற்கும் மசியவில்லை என்றால் வயர். மல்டிமீட்டரை 'பீப்' வைக்கும் நிலையில் போட்டு இரண்டு முள்ளையும் ஸ்டாண்டு முனைகளில் வைத்துச் சக்கரத்தை மெதுவாகச் சுற்றச் சொல்லுங்கள். சுற்றுக்கு ஒரு பீப் வர வேண்டும். வரவே இல்லை என்றால் நடுவில் எங்கோ அறுந்திருக்கிறது, ஹேண்டில்பார் திரும்பும் இடத்தில் விரலால் மடக்கி மடக்கிப் பாருங்கள், அங்கேதான் பெரும்பாலும் இருக்கும். அறுந்ததை வெட்டி, சீவி, முறுக்கி, ஈயம் வைத்து டேப் ஒட்டிவிடலாம், தெருவில் செல்போன் ரிப்பேர் பார்ப்பவரே செய்து தருவார். உள்ளே இரண்டே இழைகள்தான், பிளஸ் மைனஸ் எதுவும் கிடையாது, மாற்றி ஒட்டினாலும் ஓடும். ஒரு இழை இன்னொன்றைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அது போதும். இப்படி ஒரு வைத்தியத்தை வயர்லெஸ் சென்சாருக்குச் செய்ய முடியாது.

கேள்வி: அப்பாவின் 28 இஞ்ச் பழைய கம்பி பிரேக் சைக்கிளைத் துடைத்து, டயர் மாற்றி ஓட்டுகிறேன். டைனமோகூட வேலை செய்கிறது. இதற்கு மீட்டர் மாட்ட முடியுமா? கடையில் சிரிக்கிறார்கள்.
— வாசகர், தஞ்சாவூர்

பதில்: சிரிக்கட்டும், நீங்கள் மாட்டுங்கள். சக்கரமும் ஸ்போக்கும் ஃபோர்க்கும் இருக்கிற எந்த வண்டிக்கும் மாட்டலாம். டைனமோவும் வயர்லெஸ்ஸைக் குழப்பலாம், அதனால் உங்களுக்கும் வயர் மீட்டர்தான்.

இந்தச் சைக்கிளில் வயரைச் சுற்றி இறக்க பிரேக் கேபிள் இல்லை. கம்பி இருக்கிறதே என்று அதில் கட்டிவிடாதீர்கள், பிரேக் பிடிக்கும்போதெல்லாம் அது மேலும் கீழும் போகும், வயரையும் சேர்த்து இழுக்கும். ஃபோர்க் காலின் பின்புறமாகவே வயரை ஏற்றி, கறுப்பு டேப்பும் கேபிள் டையும் போட்டு, தலைப்பகுதியில் ஒரு தளர்வான வளையம் விட்டு ஹேண்டில்பாருக்குக் கொண்டுபோங்கள். டைனமோ முன் ஃபோர்க்கில் இருந்தால் சென்சாரை எதிர்க் காலில் வையுங்கள், டைனமோவுக்குள்ளும் காந்தம்தான் சுற்றிக்கொண்டிருக்கிறது. சுற்றளவை அட்டவணையில் தேடாதீர்கள். இன்றைய 700சி டயரையும் '28' என்றே அச்சடிக்கிறார்கள், ஆனால் அதன் ரிம் அளவு 622 மில்லிமீட்டர், உங்கள் பழைய ரிம் 635. கோவை வாசகிக்குச் சொன்ன மாதிரி சாக்பீஸ் கோடு போட்டு அளந்துவிடுங்கள்.

கேள்வி: போனில் ஜி.பி.எஸ். இருக்கிறது, ஆப் இருக்கிறது. மீட்டருக்கே காசு எதற்கு சார்?
— வாசகர், சேலம்

பதில்: வீட்டுக்கு வந்து எவ்வளவு தூரம் போனோம் என்று பார்க்க மட்டும்தான் என்றால் காசு வேண்டாம், ஆப்பே போதும். போகப் போக வேகத்தைப் பார்க்க வேண்டும் என்றால் போன் சரிப்படாது. வெயிலில் திரை மங்கும், சூடேறினால் வெளிச்சத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், திரையை எரியவிட்டே ஓட்டினால் மதியத்துக்குள் பேட்டரி படுத்துவிடும், அவசரத்துக்கு வீட்டுக்குப் போன் பண்ண வழி இருக்காது.

அதோடு நீங்கள் சேலத்துக்காரர், கொல்லிமலைக்கு ஓட்டாமல் இருக்க மாட்டீர்கள். அங்கே 70 கொண்டை ஊசி வளைவு. ஜி.பி.எஸ். உங்களை விட்டு விட்டுக் குறித்து, அந்தப் புள்ளிகளை நேர்கோட்டால் இணைக்கும். வளைவு இறுக்கமாக இருக்கும் இடத்தில் அது குறுக்கே வெட்டிவிடும், மரங்கள் அடர்ந்த இடத்தில் புள்ளியே இங்கும் அங்கும் அலையும். ஏற்றத்தில் மணிக்கு 7, 8 என்று ஊர்ந்துகொண்டிருக்கும்போது திரையில் வேகம் குதித்துக் குதித்து எரிச்சலூட்டும். சக்கரத்துக் காந்தத்துக்கு வளைவும் தெரியாது மரமும் தெரியாது, சுற்றை மட்டும் எண்ணும். போனைப் பைக்குள் போட்டு ஆப்பை ஓடவிடுங்கள், கண்முன்னால் ஒரு சாதாரண வயர் மீட்டர் இருக்கட்டும். பலரும் இப்படித்தான் ஓட்டுகிறார்கள்.

கேள்வி: கடைக்குள் போகும்போது மீட்டரைக் கழற்றிக்கொண்டு போக வேண்டுமா?
— வாசகி, புதுச்சேரி

பதில்: ஆமாம். வெயிலில் நிறுத்திய காருக்குள்ளும் வைக்காதீர்கள், திரை கறுத்துவிடும்.

கேள்வி: முதல் முறையாக 200 கிலோமீட்டர் பிரெவே (குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூரச் சைக்கிள் பயணம்) ஓட்டப் போகிறேன். எல்லோரும் ஜி.பி.எஸ். மீட்டர் வாங்கச் சொல்கிறார்கள். என்னிடம் சாதாரண வயர் மீட்டர் இருக்கிறது, சராசரி வேகமும் காட்டும். போதுமா?
— வாசகர், வேலூர்

பதில்: பாதை உங்களுக்குத் தெரிந்த நெடுஞ்சாலையாக இருந்தால் போதும். திருப்பங்கள் நிறைய இருக்கும் பாதை, அல்லது இருட்டில் தெரியாத ஊருக்குள் நுழைய வேண்டும் என்றால் வழி காட்டும் மீட்டர் உதவும், ஆனால் அதற்காகவே முதல் பிரெவேக்கு முன்னால் அவ்வளவு பணம் போட வேண்டாம், போனிலும் பாதையை ஏற்றி வைத்துக்கொள்ளலாம். பாதைக் குறிப்பில் 'இத்தனையாவது கிலோமீட்டரில் இடது' என்று இருந்தால் உங்கள் வயர் மீட்டர்தான் கைகொடுக்கும், சுற்றளவை மட்டும் முன்கூட்டியே அளந்து போட்டுவிடுங்கள். பழைய செல்லாக இருந்தால் கிளம்பும் முன் மாற்றிவிடுங்கள், மாற்றுவதற்கு முன் சுற்றளவையும் மொத்த தூரத்தையும் ஒரு தாளில் குறித்து வையுங்கள், சில மாடல்களில் இரண்டும் அழிந்துவிடும்.

ஆனால் அந்தச் சராசரி வேகத்தை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். சக்கரம் நின்றால் மீட்டரின் கடிகாரமும் நின்றுவிடும், பெரும்பாலான மீட்டர்கள் ஓடிய நேரத்துக்கு மட்டும்தான் சராசரி காட்டும். பிரெவே கடிகாரம் உங்களுக்காக நிற்காது. 200 கிலோமீட்டருக்குத் தருவது பதின்மூன்றரை மணி நேரம், டீ, இட்லி, பஞ்சர், மர நிழல் எல்லாம் சேர்த்து. மீட்டரில் சராசரி 20 என்று இருந்தால் மிதிக்கவே பத்து மணி நேரம் ஆகிவிடுகிறது, மிச்சம் மூன்றரை மணி நேரம்தான் உங்கள் கையில். ஆகவே அன்றைக்கு மீட்டரில் சராசரியை விட்டுவிட்டு மணி காட்டும் பக்கத்தைத் திரையில் வைத்துக்கொள்ளுங்கள். கிளம்பிய நேரத்திலிருந்து ஒவ்வொரு மணிக்கும் 15 கிலோமீட்டராவது சேர்ந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டே போங்கள். முதல் பாதியில் கொஞ்சம் கூடுதலாகச் சேர்த்து வைத்தால் மதிய வெயிலில் அரை மணி நேரம் படுத்து எழவும் முடியும்.